மலைமுடியின் சோலையும் புல்வெளியும்

மைசூர் விஜயநகரிலிருந்து தென்திசை நோக்கிப் புறப்படும் ஒருவர் நஞ்சன்கூடு, குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் ஆகியவற்றைக் கடந்து, அரை நாளுக்குள் உதகமண்டலத்தை அடைந்துவிடலாம். தொலைவு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இந்தச் சிறு பயணத்தில் நாம் கடந்து செல்லும் தாவர உலகங்களோ பல. கல்லட்டி வழியின் 36 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிமுடிப்பதற்குள், வறண்ட முட்புதர்களும் தேக்கும் மூங்கிலும் நம்மைவிட்டு ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன. மேட்டுநிலத்தை அடைந்ததும் வேறொரு காட்சி தோன்றுகிறது. குன்றின் முதுகெல்லாம் புல். குன்றுகளின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து இருண்ட சிறு காடுகள். காடு முடிந்து புல் தொடங்கும் இடம் கத்தியால் அறுத்தாற்போல் இருக்கிறது. காடு ஏன் அவ்விடத்தில் நின்றுவிட்டது? புல்வெளி ஏன் காடாக மாறவில்லை? இவ்வினாவின் வரலாற்றையே இங்கு ஆராய விரும்புகிறோம். இதற்குத் தவறான விடை கண்டதால் ஒரு மலையே உருமாறிப்போன கதையும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் உயரத்தைக் கவனிப்போம். மைசூர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. பந்திப்பூர் வனத்தைச் சார்ந்த ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா 1,454 மீட்டர்; உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர்; நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பது பொது விதி. ஆகவே விஜயநகர் வீதியில் நிற்பவருக்கும் தொட்டபெட்டா உச்சியில் நிற்பவருக்கும் இடையே ஒரே வேளையில் 11 அல்லது 12 பாகை வேறுபாடு இருத்தல் இயல்பு. உயரம் ஏற ஏறத் தாவரங்கள் வரிசை வரிசையாக மாறுவதை உலகறியச் செய்தவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர். அவர் 1802 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலைமீது ஏறி, எந்தச் செடி எந்த உயரத்தில் வாழ்கிறது என்பதை ஒரு மலைப்படத்தின் மீதே எழுதிக் காட்டினார். மலை என்பது பல நாடுகளின் சீதோஷ்ணத்தை அடுக்கடுக்காகத் தன்மேல் தாங்கி நிற்பது என்ற கருத்து அப்போது வேரூன்றிற்று.

எனினும் உயரம் ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடாது. ஒரே உயரத்தில், ஒரே குன்றில், பத்தடி இடைவெளியில் சோலையும் புல்லும் அருகருகே நிற்கின்றன அல்லவா? அதற்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும். அதற்குமுன், அம்மலையில் வாழ்ந்த மக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவது நலம்.

நீலகிரி மேட்டுநில மக்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று மைசூர்ப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனுடைய தளபதி புணிசன், தோதவர்களை அஞ்சச் செய்து நீலமலையைக் கைக்கொண்டதாக, சாமராஜநகரில் உள்ள 1117 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. எருமைகளை மேய்த்து வாழும் தோதவர் அக்காலத்திலேயே அப்புல்வெளிக்கு உரியவராய் இருந்தனர் என்பதற்கு அது சான்று. வடகர் என்னும் படகர், விஜயநகரப் பேரரசு 1565 இல் தலைக்கோட்டைப் போரில் தளர்ந்த பின்னர் மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் என்பது செவிவழி மரபு. நம் குடியிருப்பின் பெயருக்கும் அந்த மலையின் வரலாற்றுக்கும் இவ்வாறு ஓர் உறவு அமைந்திருப்பது வியப்பே. 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. 1819 இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலம் ஊராக எழுந்தது.

வந்தவர்களுள் தாவரங்களை அன்போடு நோக்கியவர்களும் இருந்தனர். ராபர்ட் வைட் என்னும் மருத்துவர், 1846 முதல் 1851 வரை நீலகிரிச் செடிகளைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். அவர் வெளியிட்ட மற்றொரு பெருநூலில் இந்தியத் தாவரங்களின் படங்கள் 2,101 உள்ளன. அவர் நூல்களுக்கு அளவு பிசகாமல் படம் வரைந்த நம் நாட்டு ஓவியர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். அவர்கள் கைத்திறனின்றி அந்நூல்களுக்கு இத்தனை பெருமை உண்டாகியிராது. பின்னர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகொடிகளை 1915 முதல் 1920 வரை வெளிவந்த தொகுதிகளில் விவரித்தார். இவ்வறிஞர்களின் உழைப்பினால், மலைமுடியில் என்னென்ன வாழ்கின்றன என்னும் பட்டியல் நமக்குக் கிடைத்தது. அவை ஏன் அவ்வாறு வாழ்கின்றன என்னும் கேள்விக்கு விடை காண மேலும் காலம் சென்றது.

1938 ஆம் ஆண்டில் வனவியல் இதழொன்றில் இரண்டு கருத்துகள் எதிரெதிராக எழுந்தன. புல் வகைகளில் பேரறிஞரான போர் என்பவர், புல்வெளி மனிதனின் செயலால் உண்டானது என்றார். தீயும் மேய்ச்சலும் காட்டை அழித்துப் புல்லை வளர்த்தன. அவ்விரண்டையும் நிறுத்தினால் காடு மீளும் என்பது அவர் கொள்கை. வனத்துறை அதிகாரியான சி. ஆர். ரங்கநாதன் இதை ஏற்கவில்லை. சோலை, புல்வெளி ஆகிய இரண்டுமே அம்மலைக்கு இயல்பானவை. உறைபனியே அவற்றைப் பிரித்து நிறுத்தும் வேலி என்று அவர் வாதித்தார்.

உறைபனி எவ்வாறு வேலியாகிறது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் மேகமற்ற இரவுகள் பல. பகலில் பெற்ற வெப்பத்தை வெட்டவெளி நிலம் வானை நோக்கி விரைவாக இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளங்களை நோக்கி வழிந்து தேங்குகிறது. விடியற்காலையில் புல்நுனியெல்லாம் வெண்பூச்சாகப் பனி உறைந்திருக்கும். அந்நிலையில் திடீரென எழும் கதிரவனின் ஒளி இளங்கன்றுகளின் இலைகளைக் கருக்கிவிடும். சோலை மரங்களுட் பல வெப்பநாட்டு மரபைச் சேர்ந்தவை. அவற்றின் கன்றுகள் இக்கொடுமையைத் தாங்கா. சோலையின் உள்ளேயோ, நெருங்கிய இலைக்கூரை போர்வை போல் கவிந்து வெப்பத்தைக் காக்கிறது. ஆகவே கன்று உள்ளே பிழைக்கிறது, வெளியே மடிகிறது. புல்லின் வளர்முனை தூரின் அடியில் மறைந்திருப்பதால், மேலே தாள் கருகினாலும் அடி உயிரோடிருக்கிறது. பனிக்கு மட்டுமன்று, தீக்கும் மேய்ச்சலுக்கும் புல் ஈடுகொடுப்பது இதனாலேயே ஆகும். சோலை நிற்கும் மடிப்புகளில் மண் ஆழமும் ஈரமும் உடையது; திறந்த சரிவிலோ காற்று கடுமையானது. இவையும் பனியோடு சேர்ந்து எல்லையை வரைகின்றன.

மழையும் தன் பங்கைச் செலுத்துகிறது. நீலகிரியின் மேற்கு விளிம்பில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கிழக்கே உள்ள குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஒரே மலைக்கு இரு மழைக்காலங்கள் இருப்பதால், மேற்குச் சோலையின் செடிகளும் கிழக்குச் சரிவின் செடிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

போர், ரங்கநாதன் ஆகியோரின் வழக்கைத் தீர்க்க மண்ணே சாட்சி சொல்ல வந்தது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா பள்ளத்தாக்கு முதலிய சதுப்புகளில், மட்காத தாவரப் பொருள்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலுள்ள கரியை வெவ்வேறு முறையில் உட்கொள்கின்றன. ஆகையால் கனமான கரியணுவும் இலேசான கரியணுவும் அவற்றில் வெவ்வேறு விகிதத்தில் அமைகின்றன. அந்த விகிதத்தை அளந்தால், எந்த அடுக்கு புல்லின் காலம், எது மரத்தின் காலம் என்று அறியலாம். சுகுமார் முதலிய இந்திய விஞ்ஞானிகள் இவ்வாய்வின் முடிவை 1993 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், அங்குப் புல்லே ஓங்கியிருந்தது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தபோது மரவகைகள் பெருகின. பின்னர் வறட்சி வந்தபோது புல் மீண்டும் முன்னேறிற்று. இதனால் பெறப்படுவது யாது? கோடரியும் கால்நடையும் மலையேறுவதற்கு நெடுங்காலம் முன்பே புல்வெளி அங்கு இருந்தது. சோலையும் புல்லும் பழைய அண்டை வீட்டார். சீதோஷ்ணம் மாறும்போதெல்லாம் எல்லைக்கல்லை அப்பால் இப்பால் நகர்த்திக்கொண்டே வாழ்ந்தவர்கள். 2020 இல் பெங்களூர் விஞ்ஞானிகள் வெளியிட்ட கள ஆய்வும், உறைபனி இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது என்பதை உறுதிப்படுத்தியது. தோதவரின் தீயும் எருமையும் புல்வெளியின் தோற்றத்தைப் பாதித்திருக்கலாம். ஆனால் அதைப் படைத்தவை அவை அல்ல.

மலைமுடியின் செல்வம் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தனிமை. சமவெளியின் வெப்பம் கடல்போல் சூழ்ந்திருக்க, குளிர்ந்த உச்சிகள் தீவுகளாக நிற்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிரை விரும்பும் செடியின் விதை அதைக் கடப்பது அரிது. பிரிந்து வாழும் உறவினர் காலப்போக்கில் பேச்சும் பழக்கமும் வேறுபடுவது போல, ஒரே குலத்துச் செடிகள் உச்சிக்கு உச்சி வேறுபட்டுப் புதிய இனங்களாயின. மேற்கு மலைத் தொடரின் காசித்தும்பை இனங்களுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. சோலையின் விளிம்பிலும் புல்வெளியிலும் செந்நிறமாகப் பூத்து நிற்கும் ரோடோடென்ட்ரான் மரமோ வேறு கதை சொல்கிறது. காட்டுப்பூவரசு என்று அதனை வழங்குவர். அதன் நெருங்கிய சுற்றம் வாழ்வது வடக்கே இமயத்தில்! குளிர் மிகுந்திருந்த பழங்காலத்தில் இடைப்பட்ட மலைகளின் வழியே அது தெற்கே பரவியிருக்க வேண்டும். வெப்பம் மீண்டபோது உச்சிகளில் தங்கிவிட்டிருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சோலை மரங்களில் இது ஒன்றே உறைபனியையும் தீயையும் பொறுத்துப் புல்லின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஆற்றல் மிக்கது.

குறிஞ்சியைக் கூறாமல் இப்பட்டியல் நிறைவுறாது. மலையும் மலைசார்ந்த நிலமும் எந்தப் பூவால் பெயர் பெற்றனவோ, அந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதையீந்து மடிகிறது. 2006 இலும் 2018 இலும் மூணாறு, கொடைக்கானல் மலைகள் நீலம் போர்த்தன. அது திறந்த புற்சரிவில் வாழும் செடி. அடர்நிழலில் அதற்கு இடமில்லை. எளிய புல்லொன்றையும் இங்கு நினைவுகூர்வோம். தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921 இல் நூலெழுதிய ரங்காச்சாரியின் பெயரைத் தாங்கி, நீலகிரிச் சதுப்புகளில் வளரும் புல் ஒன்று உண்டு. தோதவர் தம் கோயில்களுக்குக் கூரை வேய அதனைப் பயன்படுத்துவர். இன்று அப்புல் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு வாய்த்த கேடு யாது என்பதே நாம் இனிச் சொல்ல வேண்டுவது.

குடியேறியவர்களின் கண்ணுக்குப் புல்வெளி வெற்றிடமாகத் தோன்றிற்று. மரமில்லாத நிலம் தரிசு என்பது அவர்களுடைய கணக்கு. உதகையில் குளிர் காயவும் சமைக்கவும் விறகு தேவைப்பட்டது. சோலைகள் வெட்டுண்டு குறைந்தன. 1843 அளவில் டாஸ்மேனியாவிலிருந்து கற்பூர மரம் என்னும் யூக்கலிப்டஸ் கொண்டுவரப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சீகை மரங்களும் வந்தன. மலேரியாவுக்கு மருந்தாகச் சின்கோனாவும் 1860 முதல் பயிரிடப்பட்டது. அதன்பின் தேயிலை பரவிற்று. சுதந்திரத்துக்குப் பின்னர், தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையும், ஆலைகளுக்குக் கூழ்மரமும் வேண்டியிருந்தன. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் புல்வெளிகள் பரந்த அளவில் தோப்புகளாக்கப்பட்டன. செய்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வெறுநிலத்தில் மரம் வளர்ப்பது தேசத் தொண்டு என்றே அவர்கள் நம்பினர். புல்வெளி மனிதன் கெடுத்த காடே என்ற கொள்கையும் அந்நம்பிக்கைக்கு இணக்கமாயிற்று.

இங்குதான் உறைபனியின் கதை நமக்கு உதவுகிறது. உள்நாட்டுச் சோலை மரம் எந்த வேலியைத் தாண்ட முடியாமல் பல்லாயிரம் ஆண்டுகள் நின்றதோ, அந்த வேலியைக் குளிர்நாட்டு மரங்கள் எளிதில் தாண்டின. டாஸ்மேனியாவிலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் உறைபனி பழகிய ஒன்று. பனிக்கு அஞ்சாத சீகை, நட்ட இடத்தோடு நில்லாமல் விதை சிந்திப் பக்கத்துப் புல்வெளிக்குள் தானே நடந்தது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீ பட்டால் விழித்து முளைக்கும். ஆகவே வெட்டினாலும் எரித்தாலும் கூட்டமாகக் கிளம்புகிறது.

விளைவுகளை அளந்து பார்த்தவர்களும் உண்டு. உதகையில் உள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையத்தார், கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டனர். முதற் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட நிலத்திலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. புல்லும் சதுப்பும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையில் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுபவை. அந்த ஓடைகள் மோயாற்றிலும் பவானியிலும் கலந்து, இறுதியில் காவிரியைச் சேர்கின்றன. பழனி மலையிலோ, நாற்பது ஆண்டுக் காலத்தில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று 2018 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. புல்வெளி போன இடத்தில் குறிஞ்சியும் போயிற்று. எருமை மேய்ந்த நிலமும் போயிற்று.

நன்மையான செய்திகளும் இல்லாமலில்லை. 1986 இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது; நம் பந்திப்பூரும் நாகரஹொளேயும் அதில் அடங்கும். முக்குறுத்தி தேசியப் பூங்காவில் நல்ல புல்வெளி இன்னும் எஞ்சியிருக்கிறது. மேற்கு மலைத் தொடர் 2012 இல் உலக மரபுச் சின்னமானபோது அதுவும் சேர்க்கப்பட்டது. அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் பணியும் நடைபெறுகிறது. அதிலும் நிதானம் வேண்டும். சில பழந்தோப்புகளின் நிழலில், பனியினின்று காப்புப் பெற்றுச் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அங்கே கண்மூடி வெட்டுவது மற்றொரு பிழையாகலாம். பூமியின் வெப்பம் ஏறிவருவதால் உறைபனி இரவுகள் குறையக்கூடும் என்பதும் கருதத்தக்கது. பனிவேலி தளர்ந்தால் எல்லைக்கல் மீண்டும் நகரும். அப்போது முந்திக்கொள்ளப்போவது சோலையா, சீகையா என்பது நம் செயலைப் பொறுத்தது.

கன்னட நாட்டிலும் இதே அமைப்பு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. முள்ளய்யனகிரியின் 1,930 மீட்டர் உச்சியைச் சுற்றிலும், குதிரேமுகத்திலும், சோலையும் புல்லும் அவ்வாறே கைகோத்து நிற்கின்றன.

விஜயநகரின் தெருக்களுக்குத் திரும்புவோம். மைசூர்ச் சாலைகளில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்காவினது. கோடையில் தீயெனப் பூக்கும் குல்மொஹர் மடகாஸ்கரினது. அவற்றை நட்டவர்களை நாம் வாழ்த்துகிறோம். நகர வீதிக்கு நிழல் வேண்டும். ஆனால், வீதியில் அறமாகும் செயல் மலைமுடியில் அறமாகும் என்பதில்லை. ஆண்டுதோறும் மரநடு விழாக்கள் நடைபெறுகின்றன. விடுமுறைக்கு மலையேறும் இளைஞர்கள் விதையுருண்டைகளைக் கையில் எடுத்துச் செல்வதும் உண்டு. திறந்த புல்வெளியைக் கண்டு இரங்கி அங்கே அவற்றை வீசுமுன், அந்தப் புல் எத்தனை ஆண்டுகளாக அங்கே நிற்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். இருபதாயிரம் ஆண்டுக் குடிகளை வெற்றிடம் என்று எண்ணிய பிழையை நம் முன்னோர் ஒருமுறை செய்துவிட்டனர். அறியாமல் செய்தது அது. நாமோ அறிந்துகொண்டோம்.